டாரிஃப் என்பது வரியா, விலையா, கூலியா?

2024 அக்டோபரில் சிகாகோ பொருளாதாரக் கழகத்தில் பேசிய டொனால்ட் டிரம்ப், அகராதியிலேயே தமக்கு மிக அழகாகத் தோன்றும் சொல் 'டாரிஃப்' என்றார். அடுத்த ஆண்டு ஏப்ரல் முதல் அந்தச் சொல் தமிழ்ச் செய்திகளிலும் நாள்தோறும் இடம்பெற்றது. ஒரு நாளிதழ் அதை 'வரி' என்றது, இன்னொன்று 'சுங்கத் தீர்வை' என்றது, வேறொன்று 'கட்டணம்' என்றே எழுதியது. அதே சொல்தான் மின்வாரியத்தின் கட்டண ஆணையிலும், லாட்ஜ் வரவேற்பு மேசையில் வைத்திருக்கும் அறை வாடகை அட்டையிலும், செல்பேசி நிறுவனத்தின் ரீசார்ஜ் விவரத்திலும் இருக்கிறது. ஜெர்மனியில் ஒரு தொழிலாளி அந்தச் சொல்லைக் கேட்டால் சம்பளப் பேச்சுவார்த்தை நினைவுக்கு வரும். இஸ்தான்புல்லில் படகுக்குக் காத்திருப்பவருக்கு அது கால அட்டவணை.

இத்தனை பொருள்களும் ஒரே அடிமரத்தின் கிளைகள். அந்த அடிமரம் வரி அல்ல, 'பலரும் அறிய வைக்கப்பட்ட பட்டியல்' என்பதே. வரி என்ற பொருள் ஆங்கிலத்தில், குறிப்பாக அமெரிக்க அரசியலில், பின்னால் வலுப்பெற்ற ஒரு கிளை. இதைத் தெரிந்துகொண்டால், ஒரே செய்தி வெவ்வேறு ஐரோப்பிய மொழிகளில் ஏன் வெவ்வேறு சொற்களால் எழுதப்படுகிறது என்பது விளங்கும். 2025இல் உலக வணிகத்தில் எழுந்த கலக்கத்தின் ஒரு முக்கியமான கூறும் விளங்கும்.

வேர்: 'அறிவித்தல்'

அரபு மொழியில் பெரும்பாலான சொற்கள் மூன்று மெய்யெழுத்துகள் கொண்ட வேர்களிலிருந்து பிறக்கின்றன. அய்ன், ரா, ஃபா என்ற மூன்றும் சேர்ந்த வேருக்கு 'அறிதல்' என்பது பொருள். அந்த வேரின் நடு எழுத்தை இரட்டித்தால் 'அறியச் செய்தல்' என்ற பிறவினைப் பொருள் கிடைக்கும். அந்த வினையின் தொழிற்பெயர் 'தஅரீஃப்': அறிவிப்பு, அறிமுகம், வரையறை. அதிலிருந்து வந்த 'தஅரிஃபா' என்பது விலையையோ கட்டணத்தையோ தெரிவிக்கும் அறிவிப்பைக் குறித்தது.

இந்த வேர் நமக்கும் அந்நியமானதல்ல. ஆரிஃப் என்ற பெயருக்கு 'அறிந்தவர்' என்று பொருள். தமிழ் முஸ்லிம் ஞான இலக்கியங்கள் பேசும் 'மஃரிஃபத்', அதாவது மெய்யறிவு, இதே வேரிலிருந்து வந்தது. இந்தித் திரைப்படங்களில் அடிக்கடி கேட்கும் 'தாரீஃப்' என்ற சொல்லும் அந்த 'தஅரீஃப்'தான். அரபிலிருந்து பாரசீகத்துக்கும் அங்கிருந்து உருது, இந்திக்கும் வந்தபோது, ஒருவரைப் பற்றி எடுத்துச் சொல்வது என்ற பொருள் அவரைப் புகழ்ந்து சொல்வதாக வளர்ந்தது. உருதுவில் 'வரையறை' என்ற பழைய பொருளும் இன்றுவரை இருக்கிறது. இந்தியின் புகழ்ச்சியும் ஆங்கிலத்தின் சுங்க வரியும் ஒரே சொல்லிலிருந்து கிழக்கும் மேற்குமாகப் பிரிந்து போனவை.

துறைமுகத்தில் நடந்த கைமாற்றம்

12ஆம் நூற்றாண்டு முதல் வெனிஸ், ஜெனோவா, பீசா நகரங்களின் வணிகர்கள் எகிப்திலும் சிரியக் கடற்கரையிலும் வாங்கி விற்றார்கள். மிளகும் இஞ்சியும் பட்டும் அந்த வழியாகத்தான் ஐரோப்பாவை அடைந்தன. அலெக்சாந்திரியாவில் இறங்கும் ஒவ்வொரு மூட்டையும் 'திவான்' என்ற அரசு அலுவலகத்தில் பதிவாகும். நம் சமஸ்தானங்களின் அமைச்சர் பதவிப் பெயராக நாம் அறிந்த அதே பாரசீக–அரபுச் சொல்தான் இது. இத்தாலியில் 'தொகானா', பிரெஞ்சில் 'துவான்', ஸ்பானியத்தில் 'அதுவானா' என்று சுங்கச்சாவடிக்கு வழங்கும் பெயர்கள் எல்லாம் இந்தத் திவானிலிருந்து பிறந்தவை.

அந்தக் காலத்துச் சுங்கச் சாவடி எப்படி இருந்தது என்பதற்கு இப்னு ஜுபைர் என்ற ஆண்டலூசியப் பயணியின் குறிப்பு சாட்சி. 1184இல், சிலுவைப் போர் வீரர்களின் ஆட்சியில் இருந்த ஆக்கர் துறைமுகத்தில் அவர் சுங்கச் சோதனைக்கு உட்பட்டார். வாயிலில் கம்பளம் விரித்த திண்ணைகளில் எழுத்தர்கள் அமர்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் பொன் வேலைப்பாடு செய்த கருங்காலி மைக்கூடுகள். ஆட்சி கிறித்தவர்களுடையது, எழுத்தர்களும் கிறித்தவர்கள். ஆனால் அவர்கள் கணக்கு எழுதியதும் பேசியதும் அரபில். ஆட்சி மாறினாலும் அலுவலகத்தின் மொழி மாறாமல் நின்ற இத்தகைய இடங்களில்தான் வணிகச் சொற்கள் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு எளிதாக ஏறிக்கொண்டன. 'தஅரிஃபா' இத்தாலிய வாயில் நுழைந்தபோது, அந்த மொழியில் இல்லாத அய்ன் ஒலி உதிர்ந்து 'தாரிஃபா' ஆயிற்று.

இத்தாலியில் அச்சொல் வரியைக் குறிக்கவில்லை. 1503இல் வெனிஸில் அச்சான பார்த்தொலொமேயோ தி பாசியின் நூல் தன் தலைப்பிலேயே 'தாரிஃபா' என்ற சொல்லைக் கொண்டிருந்தது. ஒவ்வொரு வணிக நகரத்தின் எடையும் அளவும் வெனிஸ் கணக்கில் எவ்வளவு என்று சொல்லும் வணிகக் கையேடு அது. ஆங்கிலத்தில் இச்சொல்லின் மிகப் பழைய பயன்பாடுகளில் ஒன்று 1591ஆம் ஆண்டின் போர்க்கலை நூல் ஒன்றில் வருகிறது. படைவீரர்களை வரிசையில் நிறுத்தக் கணக்குப் பார்க்கும் அட்டவணைக்கு அங்கே அந்தப் பெயர். பார்த்தவுடன் விடை சொல்லும் அட்டவணை எதுவானாலும் தாரிஃபாதான்.

இரண்டு வடிவங்கள், இரண்டு வழிகள்

இன்றைய ஐரோப்பிய மொழிகளில் இச்சொல்லின் ஈற்றைப் பார்த்தே அது எந்த வழியாக வந்தது என்று பெரும்பாலும் ஊகிக்கலாம்.

1. ஈற்றில் 'ஆ' உள்ள வடிவம்: இத்தாலியம், ஸ்பானியம், போர்த்துக்கீசியம், ஹங்கேரியம், போலிஷ், பல்கேரியம், கிரேக்கம். அரபுச் சொல்லின் பெண்பால் ஈறு இவற்றில் அப்படியே நிற்கிறது.

2. ஈறு உதிர்ந்த வடிவம்: பிரெஞ்சு, ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, ருஷியம். இத்தாலியச் சொல் பிரெஞ்சுக்குப் போய் அங்கே 'தாரிஃப்' என்று குறுகியது. அந்தக் குறுகிய வடிவமே வடக்குக்கும் கிழக்குக்கும் பரவியது.

துருக்கி மொழி இரண்டையும் வைத்துக்கொண்டு வேலையைப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. அங்கே 'தாரிஃப்' என்றால் விளக்கம். சமையல் குறிப்புக்கும் அதே சொல். 'தாரிஃபே' என்றால் கட்டணப் பட்டியல், படகு அல்லது பேருந்தின் கால அட்டவணை. வரியின் சாயலே இல்லாமல் அறிவிப்பு, பட்டியல் என்ற மூலப் பொருள்கள் இன்றும் உயிரோடு புழங்கும் இடம் அது.

தரீஃபா ஊர்க் கதை ஏன் தவறு

ஸ்பெயினின் தென்முனையில் தரீஃபா என்ற துறைமுக ஊர் இருக்கிறது. அந்த வழியாகச் சென்ற கப்பல்களிடம் பணம் பறித்ததால் அந்த ஊரின் பெயரே சுங்க வரிக்குப் பெயராயிற்று என்ற கதை பழைய ஆங்கில நூல்கள் சிலவற்றில் இருந்தது. இணையத்தில் இன்றும் சுற்றுகிறது. அது கேட்கச் சுவையான கதை, ஆனால் தவறானது.

1. ஊரின் பெயர், 710ஆம் ஆண்டில் அங்கே படையோடு இறங்கிய தரீஃப் இப்னு மாலிக் என்ற தளபதியின் பெயரிலிருந்து வந்தது. மறுஆண்டு வந்த தாரிக் பெயரில் ஜிப்ரால்டர் அமைந்ததைப் போன்றது இது.

2. அந்தத் தளபதியின் பெயர் தொடங்குவது 'தோய்' என்ற அழுத்தமான தகரத்தில். நம் சொல் தொடங்குவது 'தே' என்ற சாதாரணத் தகரத்தில். இரண்டாவது எழுத்தாக அய்னும் வருகிறது. அரபில் இவை தொடர்பற்ற இரு வேர்கள். இத்தாலியிலும் தமிழிலும் இரண்டையும் ஒரே எழுத்தால் எழுதுவதால்தான் மயக்கம் பிறக்கிறது.

3. சொல்லின் முதல் பயன்பாடுகள் எடை, அளவு, கணக்கு அட்டவணைகளைக் குறிக்கின்றன. வரியில் பிறந்த சொல்லாக இருந்தால் இந்தப் பொருள்கள் முதலில் வந்திருக்கக் காரணமில்லை.

பட்டியல் எப்படி வரியாயிற்று

1664இல் பிரான்ஸின் நிதியமைச்சர் கோல்பேர், நாட்டின் வட பகுதிகளில் சிதறிக் கிடந்த சுங்க விகிதங்களைத் தொகுத்து ஒரே பட்டியலாக்கினார். 1667இல் வெளியிட்ட இரண்டாவது பட்டியலில் டச்சு, ஆங்கிலத் துணிகள் உள்ளிட்ட பல சரக்குகளின் விகிதத்தைக் கடுமையாக உயர்த்தினார். பிரான்ஸுக்கும் டச்சுக் குடியரசுக்கும் 1672இல் போர் மூண்டதற்கு அந்தப் பட்டியலும் ஒரு காரணம். 1678இல் நைமேகனில் அமைதி உடன்பாடு ஏற்பட்டபோது, பழைய 1664 பட்டியலுக்குத் திரும்புவதாக பிரான்ஸ் இசைந்தது. இரு அரசுகள் பேசித் தீர்த்த பொருளே ஒரு 'தாரிஃப்'ஆக இருந்தது. ஆனாலும் அச்சொல் அங்கே பட்டியலைத்தான் குறித்தது. பட்டியலில் கண்ட தொகைக்கு 'உரிமை' என்று பொருள்படும் வேறு சொல் இருந்தது, இன்றும் இருக்கிறது.

அமெரிக்காவில்தான் இந்த எல்லை மங்கியது. அந்நாட்டின் அரசியல் சாசனத்தில் வரி விதிக்கும் அதிகாரத்தைச் சொல்லும் பிரிவில் 'டாரிஃப்' என்ற சொல் இல்லை. வரிகள், தீர்வைகள் என்று பொருள்படும் வேறு சொற்களே உள்ளன. 1789 ஜூலை 4 அன்று ஜார்ஜ் வாஷிங்டன் கையெழுத்திட்ட சட்டம் ஒரு நீண்ட பட்டியல்: ஜமைக்கா தர ரம் காலனுக்கு 10 சென்ட், மதீரா ஒயின் காலனுக்கு 18 சென்ட், ஆணி பவுண்டுக்கு 1 சென்ட் என்று போகும். பெயர் சொல்லப்படாத பெரும்பாலான சரக்குகளுக்கு மதிப்பில் 5 சதவீதம். வருமான வரி இல்லாத அந்தக் காலத்தில் கூட்டாட்சி அரசின் வருவாயில் பெரும்பகுதி இதிலிருந்துதான் வந்தது. எனவே ஒவ்வொரு தேர்தலிலும் பட்டியல் சண்டைப் பொருளாயிற்று. 1828 பட்டியலைத் தென் மாநிலங்கள் 'அருவருப்புகளின் டாரிஃப்' என்று ஏசின. 1890இல் மெக்கின்லி, 1930இல் ஸ்மூட்–ஹாலி என்று சட்டங்கள் தொடர்ந்தன. தலைமுறை தலைமுறையாக இப்படி விவாதித்ததில், பட்டியலின் பெயர் பட்டியலில் உள்ள ஒவ்வொரு தீர்வைக்கும் பெயராகப் படிந்தது.

ஜெர்மனியில் கூலியான கதை

இந்தக் கிளை எனக்கு மிக முக்கியமானதாகப் படுகிறது, ஏனெனில் இங்கே பட்டியலை எழுதியது அரசு அல்ல. 1873இல் ஜெர்மன் அச்சுத் தொழிலாளர் சங்கமும் அச்சக முதலாளிகள் சங்கமும் நாடு முழுவதற்குமான ஒப்பந்தம் ஒன்றை எட்டின. கையால் ஈய எழுத்துகளை அடுக்கும் அச்சுக்கோப்பாளருக்கு ஆயிரம் எழுத்துக்கு இவ்வளவு என்றுதான் அந்நாளில் கூலி. அந்த விகிதங்களை ஒரே பட்டியலாக எழுதி இரு தரப்பும் ஏற்றதால் அதன் பெயர் அச்சுத் தொழிலாளர் 'தாரிஃப்'. ஊருக்கு ஊர், முதலாளிக்கு முதலாளி மாறிய கூலி, எல்லோரும் பார்க்கக்கூடிய ஒரே தாளில் நிலைபெற்றது.

பிற தொழில்களும் அந்த வழியில் வந்தன. 1918 டிசம்பரில் ஓர் அரசாணையும் 1949இல் மேற்கு ஜெர்மனியின் சட்டமும் இத்தகைய ஒப்பந்தங்களுக்குச் சட்ட வலிமை தந்தன. இன்று அதே பெயரில் வழங்கும் கூட்டு ஒப்பந்தத்தில் கூலி மட்டுமல்லாமல் வேலை நேரம், விடுப்பு என்று பலவும் அடங்கும். ஜெர்மன் நாளிதழில் 'தாரிஃப் தகராறு' என்ற தலைப்பைப் பார்த்தால் அது அமெரிக்க வரியைப் பற்றியதல்ல, ரயில் ஓட்டுநர்களோ உலோகத் தொழிலாளர்களோ ஊதிய உயர்வு கேட்பதைப் பற்றியது. நார்வேயிலும் கூட்டு ஊதிய ஒப்பந்தத்துக்கு இச்சொல்லே பெயர். ருஷியாவில் ஊதிய நிலைகளின் ஏணிக்கு 'தாரிஃப் வலை' என்று பெயர் உண்டு.

மற்ற கிளைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரெஞ்சில் 'குறைந்த தாரிஃப்' என்றால் மாணவர்களுக்கான சலுகைச் சீட்டு. போலிஷ் மொழியில் 'சலுகைத் தாரிஃபா' என்பது ஒருவரிடம் தளர்வாக நடந்துகொள்வதையும் குறிக்கும். கிரேக்கத்தில் டாக்சி ஓட்டுநரைப் பேச்சுவழக்கில் 'தாரீஃபாஸ்' என்பார்கள். இங்கிலாந்துக் குற்றவியல் வழக்கில், ஆயுள் தண்டனைக் கைதி விடுதலைக்கு விண்ணப்பிக்கும் முன் கட்டாயம் கழிக்க வேண்டிய குறைந்தபட்ச ஆண்டுகளுக்கு 'டாரிஃப்' என்று பெயர். குற்றத்துக்கு உரிய 'விலை' பட்டியலிட்டுச் சொல்லப்படுகிறது என்ற எண்ணம் அதில் இருக்கிறது.

ஆகவே ஒரே செய்தி, பல சொற்கள்

2025இல் அமெரிக்கா விதித்த இறக்குமதி வரிகளை ஜெர்மன் ஏடுகள் 'ட்ஸோல்' (Zoll) என்ற தம் பழைய சொல்லாலேயே எழுதின. கிரேக்கத்திலிருந்து லத்தீன் வழியாக வந்த அதன் ஆங்கில உடன்பிறப்பு 'டோல்', நம் டோல்கேட்டில் இருக்கிறது. இத்தாலியர் 'தாத்சி' என்றும், ஸ்பானியர் 'அரன்செலேஸ்' என்றும், ருஷியர் 'போஷ்லினா' என்றும் எழுதினார்கள். போர்த்துக்கீசியம் பேசும் பிரேசிலில் மட்டும் நிலைமை வேறு. தன் மீது அறிவிக்கப்பட்ட 50 சதவீத வரியை அந்நாடு 'தாரிஃபாசோ', அதாவது பெரிய தாரிஃபா, என்று அழைத்தது. முன்பு மின்சாரமும் பேருந்தும் விலையேறும்போது மக்கள் கசப்போடு சொன்ன சொல் அது.

தமிழில் எழுதும்போது மூன்று வெவ்வேறு பொருள்களைப் பிரித்துக்கொள்வது நல்லது.

1. பட்டியல் முழுவதையும் குறித்தால் 'சுங்க விகிதப் பட்டியல்'. இந்தியாவின் 1975ஆம் ஆண்டு சுங்க டாரிஃப் சட்டம் இந்தப் பொருளில்தான் பெயர் பெற்றது. அதன் முதல் அட்டவணை இறக்குமதிப் பொருள்களையும் இரண்டாவது ஏற்றுமதிப் பொருள்களையும் வரிசைப்படுத்துகிறது.

2. ஒரு பொருளுக்கு வாங்கும் தொகையைக் குறித்தால் 'இறக்குமதி வரி' அல்லது 'தீர்வை'.

3. மின்சாரம், தொலைத்தொடர்பு, விடுதி அறை என்றால் 'கட்டண விகிதம்'.

'இந்தியா மீது 50 சதவீத வரி' என்ற தலைப்பு, இந்தியா அந்தப் பணத்தைக் கட்டுகிறது என்ற எண்ணத்தைப் பலருக்கும் தந்தது. அமெரிக்கத் துறைமுகத்தில் சரக்கை எடுக்கும் அமெரிக்க இறக்குமதியாளரே அந்த நாட்டுக் கருவூலத்துக்குப் பணம் செலுத்துகிறார். அவர் அந்தச் சுமையைத் தன் வாடிக்கையாளரிடம் விலையேற்றமாக இறக்கலாம், அல்லது இங்குள்ள உற்பத்தியாளரிடம் விலையைக் குறைக்கச் சொல்லலாம். திருப்பூர் பின்னலாடை நிறுவனங்களை வாட்டியது இந்த இரண்டாவது வழி.

பட்டியலின் ஒரு வரி

பட்டியல் என்பது என்ன என்று தெரிந்துகொள்ள அதன் ஒரு வரியைப் படித்தால் போதும். 1988 முதல் நடைமுறையில் உள்ள உலகப் பொதுக் குறியீட்டு முறைப்படி பின்னலாடைகள் 61ஆம் அத்தியாயத்தில் வருகின்றன. டி-ஷர்ட், பனியன் வகைகள் 6109. அவற்றில் பருத்தியில் செய்தவை 6109.10. இந்த ஆறு இலக்கங்கள் தூத்துக்குடியிலும் நியூயார்க்கிலும் ஒரே பொருளைக் குறிக்கும். அமெரிக்கப் பட்டியலில் அந்த எண்ணுக்கு எதிரே இருக்கும் பொது விகிதம் 16.5 சதவீதம். 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குகளுக்கு முதலில் 25 சதவீதமும், ருஷிய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி 27ஆம் தேதி முதல் இன்னொரு 25 சதவீதமும் அதன்மேல் ஏறின. அப்போது மொத்தம் 66.5 சதவீதம் ஆயிற்று. 4 டாலர் மதிப்புள்ள ஒரு டி-ஷர்ட்டுக்கு 2 டாலர் 66 சென்ட் வரி.

இங்கே பழைய சொற்பொருள் நேரடியாக நம் காலத்துச் சிக்கலைத் தொடுகிறது. 1947இல் உருவான காட் (GATT) என்ற பன்னாட்டு வணிக உடன்பாட்டின் மூன்று கட்டளைகள் இங்கே முக்கியம். முதல் பிரிவு, ஒரு நாட்டுக்குத் தரும் விகிதத்தை மற்ற உறுப்பு நாடுகளுக்கும் தர வேண்டும் என்கிறது. இரண்டாம் பிரிவு, ஒவ்வொரு நாடும் தன் பட்டியலில் ஒப்புக்கொண்ட உச்ச விகிதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. பத்தாம் பிரிவு, விகிதங்களையும் விதிகளையும் வணிகர்கள் அறிந்துகொள்ளும்படி உடனுக்குடன் வெளியிட வேண்டும் என்கிறது. 'அறியச் செய்தல்' என்ற அரபு வேரின் பொருளை அப்படியே சட்டமாக்கியது போன்றது அந்தப் பத்தாம் பிரிவு.

2025இல் விகிதங்கள் உயர்ந்தது ஒரு பாதி. எந்த நாளில் எந்த விகிதம் என்பதே தெரியாமல் போனது மறு பாதி, அதுவே வணிகர்களுக்குக் கூடுதல் கேடு என்பது என் கருத்து. ஏப்ரல் 2 அன்று அறிவித்த நாடுவாரி விகிதங்கள் ஏப்ரல் 9 அன்று பெரும்பாலான நாடுகளுக்கு 90 நாள் நிறுத்தி வைக்கப்பட்டன. அதே வாரத்தில் சீனாவுக்கான கூடுதல் விகிதம் 145 சதவீதத்துக்கு ஏறி, மே மாதத்தில் 30க்கு இறங்கியது. உயர்ந்த வரியாக இருந்தாலும் அது நிலையாக இருந்தால் நூல் வாங்குவதற்கும் ஆள் எடுப்பதற்கும் கணக்குப் போடலாம். ஆர்டர் எடுப்பது ஒரு விகிதத்தில், தைப்பது இன்னொன்றில், சரக்கு கரையிறங்குவது மூன்றாவதில் என்றால் அந்தக் கணக்குக்கு வழியில்லை.

இதனால்தான் ஆகஸ்ட் 27 அறிவிப்பில் ஏற்றுமதியாளர்கள் முதலில் தேடிப் படித்தது விகிதத்தை அல்ல, கடலில் இருந்த சரக்குக்கான விலக்கை. அன்று அமெரிக்கக் கிழக்குக் கரை நேரப்படி நள்ளிரவு 12 மணி 1 நிமிடத்துக்கு முன் கப்பலில் ஏற்றப்பட்டுப் பயணத்தில் இருந்த சரக்கு, செப்டம்பர் 17க்கு முன் அங்கே சுங்கத்தில் பதிவானால், இரண்டாவது 25 சதவீதம் அதற்குக் கிடையாது என்றது அந்த அறிவிப்பு.